ஆள்காட்டிக் குருவிகளின் கதை

செஸ் ஆடுறவங்கன்னா நம்ம வீடுகளில் ஒரு பிம்பம் உண்டு. கன்னத்தில் கை, நெற்றியில் சுருக்கம், பக்கத்தில் பட்டாசு வெடிச்சாலும் திரும்பாத முகம். போட்டி அரங்கத்துக்குள்ளே இது சரிதான். வெளியே வந்தாங்கன்னா இவங்களை மாதிரி வாயாடிக் கூட்டம் வேற கிடையாது. பக்கத்தில் நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டே யோசனை சொல்லி, கிண்டலடிச்சு, ஆடுறவன் உயிரை வாங்குற ஆளுக்குன்னே தனியா ஒரு பேர் வெச்சிருக்காங்க: கிபிட்சர். யித்திஷ் மொழி வழியா வந்த சொல். அதுக்கு மூலம் ஜெர்மன் மொழியில் 'கீபிட்ஸ்'ங்கிற ஒரு பறவை. அது என்ன பறவைன்னு தேடினா, நம்ம ஊர் ஆள்காட்டிக் குருவியோட நெருங்கின சொந்தக்காரன்! தமிழ்ல அதுக்குப் பேர் வெச்ச புண்ணியவான் செஸ் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனா எவ்வளவு பொருத்தம் பாருங்க.

இந்தக் குருவிங்க கணினிக்குள்ளே எப்படிக் குடியேறினாங்கங்கிறதுதான் இன்னிக்குக் கதை. ஆணி கொஞ்சம் குறைவா இருக்கிற வாரம், அதனால பதிவு நீளும். பொறுத்துக்கோங்க.

முதல்ல மெட்ராஸ். 1972ல் மானுவல் ஆரோன் அங்கே சோவியத் கலாச்சார மையத்தில் ஒரு செஸ் கிளப் ஆரம்பிச்சார். உலகச் சாம்பியனா இருந்த மிகயில் தாலின் பேரையே அதுக்கு வெச்சாங்க. ஆரோன்தான் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், 1961லேயே. பையன் ஆனந்த் அம்மா சுசீலாகிட்ட ஆட்டம் கத்துக்கிட்டு வந்து சேர்ந்தது இந்தக் கிளப்பில்தான். அங்கே பிளிட்ஸ் ஆட்டத்துக்கு ஒரே விதி: ஜெயிச்சவன் உட்கார்ந்திருப்பான், தோத்தவன் எழுந்து வரிசையில் கடைசிக்குப் போகணும். மறுபடி முறை வர எவ்வளவு நேரமாகும், அதுவரை பின்னால் நின்னுக்கிட்டு என்ன செய்வான்? ஆள்காட்டிதான். ஆனந்துக்கு அந்த மின்னல் வேகம் வந்ததுக்கு இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசில்லாததும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

இப்போ அமெரிக்கா. 1992 ஜனவரியில் மைக்கேல் மூர், ரிச்சர்ட் நாஷ்னு ரெண்டு பேர் எழுதின ஒரு நிரல் இணையத்தில் ஏறுச்சு. பேர் இன்டர்நெட் செஸ் சர்வர். வலைத்தளம்னு நினைச்சுடாதீங்க, அப்போ உலாவியே சரியா வரலை. டெல்நெட்னு ஒரு வழியா உள்ளே போகணும். போனா கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்தான் பலகை. ராஜாவுக்கு ஒரு எழுத்து, குதிரைக்கு ஒரு எழுத்து, கறுப்புக் காய்னா முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி. ஒவ்வொரு நகர்த்தலையும் தட்டச்சு செய்யணும். எக்ஸ்போர்டு மாதிரி நிரல்கள் வந்தப்புறம்தான் படமாக் காய்கள் தெரிஞ்சு, எலியால் நகர்த்த முடிஞ்சுது.

பலகை இவ்வளவு பஞ்சமா இருந்தாலும் பேசுறதுக்கு எத்தனை ஏற்பாடு தெரியுமா? ஒருத்தர்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்ல 'டெல்'. சர்வரில் இருக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கத்த 'ஷவுட்'. ஓடிக்கிட்டிருக்கிற ஆட்டத்தில் மூக்கை நுழைக்க, அதே பழைய 'கிபிட்ஸ்'. இது ஆடுறவங்களுக்கும் கேக்கும். வேடிக்கை பார்க்கிறவங்களுக்குள்ளே மட்டும் குசுகுசுக்க 'விஸ்பர்'. எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த விஸ்பர்தான். மாஸ்டர்கள் ரெண்டு பேர் மூளையைக் கசக்கிக்கிட்டிருக்க, பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்து அவங்க காதில் விழாம கலாய்க்கிறதுக்குன்னு ஒரு தனிக் கட்டளை! கல்யாண வீட்டில் பின்வரிசை நாற்காலியைக் கணினிக்காரன் கட்டளையா எழுதினா இப்படித்தான் இருக்கும். தொல்லை தாங்கலைன்னா வாயை அடைக்க 'சென்சார்', இவனோட இனி ஆட்டமே வேண்டாம்னா 'நோபிளே'. ஊர் வழக்கில் பேச்சுவார்த்தை இல்லைங்கிறதுக்கும் அன்னந்தண்ணி புழங்குறதில்லைங்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

பக்ஹவுஸ்னு ஒரு ஆட்டம் அங்கே பெரிய பிரபலம். நாலு பேர், ரெண்டு பலகை, ரெண்டு அணி. நான் எதிரிகிட்ட வெட்டின காயை என் கூட்டாளி தன் பலகையில் இறக்கிக்கலாம். அதனால கூட்டாளிகிட்ட ஓயாம பேசிக்கிட்டே ஆடணும். நேரம் நிமிஷக் கணக்கு, தட்டச்சுக்கு ஏது அவகாசம்? சுருக்கெழுத்து பிறந்துச்சு. குதிரை வேணும்னா ஒரு கூட்டல் குறியும் குதிரைக்கான எழுத்தும். 'ராணியை மட்டும் இழந்துடாதே, அது அவங்க கைக்குப் போனா நான் செத்தேன்'னு சொல்ல, வரிசையா நாலு கழித்தல் குறி போட்டு ராணிக்கான எழுத்து. கழித்தல் குறி எத்தனை நீளமோ அத்தனை பீதி. முகம் பார்க்காத ரெண்டு பேருக்கு நடுவில் நூறு ஆட்டத்துக்கு மேல் இந்தக் குறி மொழி ஓடினா அதுக்குப் பேர் என்ன? எனக்குத் தெரிஞ்சு சிநேகிதம்தான்.

சாக்குப்போக்குக்கும் அங்கே ஒரு பொற்காலம். லேக். உங்க நகர்த்தல் கம்பி வழியா ஊர்ந்து போய்ச் சேர்றதுக்குள்ளே கடிகாரம் ஓடிடும், நல்ல நிலையில் இருந்தும் தோத்துடுவீங்க. உண்மையிலேயே இது அநியாயம்தான், தூர தேசத்துக்காரனுக்கு இரட்டிப்பு அநியாயம். (நம்ம நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15 அன்னிக்கு, விஎஸ்என்எல் புண்ணியத்தில். மாணவர்களுக்கு எழுத்து மட்டும் தெரியுற ஷெல் கணக்கு. படம் பார்க்க முடியாத அந்தக் கணக்குக்கு எழுத்துப் பலகை கச்சிதமாப் பொருந்தும்ங்கிறது வேற விஷயம்.) ஆனா லேக் இல்லாதவனும் தோத்தா லேக்னுதான் சொல்வான். அப்புறம் எலி வழுக்கிடுச்சும்பான். எதிராளி விழுந்து விழுந்து சிரிப்பான்.

அந்த லேக்கைத் தீர்த்து வெச்சவர்தான் நம்ம கதையில் வில்லனாவும் ஆகப்போறார். டேனியல் ஸ்லீட்டர், கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கணினி படிச்சவங்களுக்கு ஸ்ப்ளே ட்ரீன்னா நினைவு வரும், டார்ஜனோடு சேர்ந்து அதைக் கண்டுபிடிச்சவர் இவர்தான். 1992லேயே சர்வரின் பொறுப்பை எடுத்துக்கிட்டு, நிரலில் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். பயனர் கணினியிலேயே நேரத்தைக் குறிச்சு அனுப்புற 'டைம்ஸ்டாம்ப்'ங்கிற வழி இங்கேதான் வந்துச்சு. கம்பியில் போன நேரம் கணக்கில் சேராது. சாக்கு சொல்றவங்க பாதிப் பேர் வேலையிழந்தாங்க.

1995 மார்ச்சில் குண்டு விழுந்துச்சு. சர்வர் பேர் இன்டர்நெட் செஸ் கிளப்னு மாறுச்சு, ஆண்டுச் சந்தா 49 டாலர்.

கொதிச்சுப் போனாங்க ஜனங்க. 49 டாலர் பெரிசா இல்லையாங்கிறது இல்லை பிரச்சனை. புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, சண்டையை விலக்கினது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து உதவினது எல்லாம் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். நிரல்கூட முதலில் எழுதினவர் வேற ஆள். 'நாங்க பேசிப் பேசி உருவாக்கின திண்ணைக்கு நீ எப்படி வாடகை கேப்பே?'ங்கிறதுதான் சண்டையின் சாரம். ஸ்லீட்டர் பக்கத்திலும் நியாயம் இல்லாம இல்லை. உழைப்பும் செலவும் இருக்கு, யாராவது முழுநேரமாப் பார்த்துக்கணும். காசு வாங்கினதால்தான் கிராண்ட்மாஸ்டர்களை அங்கே இழுக்க முடிஞ்சுது, வருஷக்கணக்கில் உலகின் சிறந்த பிளிட்ஸ் ஆட்டங்கள் அங்கேதான் நடந்துச்சு. இருந்தாலும் என் ஓட்டு திண்ணைக்காரங்களுக்குத்தான். கோவிச்சுக்கிட்டவங்க வெறும் வாய்ச்சொல்லோடு நிக்கலை. அதே மாசம் ஃப்ரீ இன்டர்நெட் செஸ் சர்வர்னு இலவசமா இன்னொண்ணைக் கட்டிட்டாங்க. 2010ல் திபோ டியூப்ளெஸ்ஸிங்கிற பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்ச லிசெஸ் அதே பிடிவாதத்தின் பேரப்பிள்ளை. இன்னிக்கும் விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, நன்கொடையில் ஓடுது.

இதே வாய் கூட்டமாச் சேர்ந்தா என்ன செய்யும்னு 1999ல் ஒரு சோதனை நடந்துச்சு. காஸ்பரோவ் ஒரு பக்கம், உலகம் மறுபக்கம். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள். 75 நாடுகளுக்கு மேல், 50,000 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டு நகர்த்தினாங்க. யோசனை சொல்ல நாலு இளம் ஆட்டக்காரர்கள். அதில் இரினா க்ருஷுக்கு வயசு 15. பத்தாவது நகர்த்தலில் அந்தப் பொண்ணு சொன்ன புது யோசனையில் உலக சாம்பியனே தடுமாறினார். விடிய விடிய வாக்குவாதம், திட்டு, கேலி, கோஷ்டி எல்லாம் நடந்து 62 நகர்த்தலில் உலகம் தோத்துச்சு. வாழ்நாளில் வேற எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைச்சதில்லைன்னு காஸ்பரோவ் சொன்னார்.

முகம் தெரியாததில் ஒரு மர்மமும் உண்டு. இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட், இணையத்தில் பேர் தெரியாத ஒருத்தர்கிட்ட பிளிட்ஸில் 8-0னு உதை வாங்கினார். எதிராளி ஆரம்பத்திலேயே கோமாளித்தனமான நகர்த்தல்களைச் செய்வாராம், அப்புறம் பிழிஞ்சு எடுப்பாராம். காணாமப் போன பாபி ஃபிஷரா இருக்குமோன்னு சந்தேகம். சோதிக்க, அர்மாண்டோ அசெவேடோவைத் தெரியுமான்னு கேட்டார். மெக்சிகோக்காரர், வெளியுலகம் அறியாதவர். உடனே பதில் வந்துச்சாம்: ஸீகன் 1970. அந்த ஒலிம்பியாடில் ஃபிஷர் அவரோட ஆடியிருந்தார்! ஷார்ட் இதைப் பத்திரிகையில் எழுத, உலகமே பரபரத்துச்சு. ஃபிஷர் நான் இல்லைன்னுட்டார். கணினியை வெச்சு யாரோ விளையாடிட்டாங்கன்னுதான் இப்போ பலரும் நினைக்கிறாங்க. ஒரு மனுஷன் தோத்த ஆட்டத்தைப் பத்தி இவ்வளவு சந்தோஷமா எழுதினது இது ஒண்ணாத்தான் இருக்கும்.

2020 ஊரடங்கில் நம்ம நாட்டுக்கும் இந்தப் பித்து வந்துச்சு. நகைச்சுவைக்காரர் சமய் ரைனா ஆடத் தெரியாம ஆட, சாகர் ஷாவும் விதித் குஜராத்தியும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க, லட்சக்கணக்கான பசங்க வேடிக்கை பார்த்தாங்க. கிராண்ட்மாஸ்டரைக் கலாய்க்கலாம்னு தேசம் தெரிஞ்சுக்கிட்டது அப்போதான். ஆனந்த் ஜெர்மனியில் மாட்டிக்கிட்டார், குடும்பம் சென்னையில். அங்கிருந்தபடியே ஏப்ரலில் அதிபன், ஹம்பி, ஹரிகா எல்லாரோடும் சேர்ந்து நிவாரண நிதிக்காக ரசிகர்களோடு இணையத்தில் ஆடினார். நம்மில் பலருக்கும் அந்த மே மாசம் வரை ஊர் போக முடியாத நிலைமைதானே. அவர் நாடு திரும்பினது மே 30.

நான் இருக்கிற புனேயில் அந்த ஊரடங்கில் ஆரம்பிச்ச ஒரு பழக்கம் இன்னும் விடலை. கல்லூரி சேக்காளிங்க அஞ்சு பேர், ஒருத்தன் குவஹாத்தி, ஒருத்தன் ஜாம்ஷெட்பூர், மத்தவங்க ஆளுக்கொரு திசை. வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு நிமிஷ ஆட்டம். "மாப்ள, குதிரை பசியா இருக்கு, புல்லு போடு", "ராஜாவை லுங்கியோட வெளிய விட்டுட்டியேடா", இப்படித்தான் போகும். தங்ஸ் உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, இதுக்கா இவ்வளவு சிரிப்புன்னு கேப்பாங்க. அலுவலகத்தில் நாள் முழுக்க இந்தியிலும் ஆங்கிலத்திலும் மரியாதையாப் பேசின வாய்க்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்த ஊர். இந்த அஞ்சில் ரெண்டு பேருக்குள்ளே ஒரு பணத் தகராறு. ஃபோன் கிடையாது, வாட்ஸப் கிடையாது, வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் ரெண்டு பேரும் ஆடுறாங்க. முதல் ஆறு மாசம் ஒரு எழுத்துப் பேசலை. அப்புறம் ஒருநாள் ஒருத்தன் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துட, மத்தவன் ஒரே ஒரு வார்த்தை போட்டான்: "லேக்கா?"

அதே 2020 ஆகஸ்ட் 30ல் இணைய ஒலிம்பியாட் இறுதி, இந்தியாவும் ரஷ்யாவும். முதல் சுற்று 3-3. ரெண்டாவது சுற்றில் இணைப்பு அறுந்து நிஹாலும் திவ்யாவும் நேரத்தில் தோத்தாங்க. இந்தியா முறையிட்டுச்சு, ஃபிடே ரெண்டு நாட்டுக்கும் தங்கம்னு அறிவிச்சுது. டெல்நெட் காலத்து ஆளுங்க இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சேன். உலகத்திலேயே முதல் தடவையா ஒருத்தர் லேக்குன்னு சொன்னதை நடுவர் நம்பினது அன்னிக்குத்தான்!

உங்களில் யாராவது 90களில் ஷெல் கணக்கு வழியா அந்த எழுத்துப் பலகையில் ஆடியிருந்தா ஒரு வரி எழுதுங்க. குறிப்பா, எந்த ஊரிலிருந்து, எந்தச் சாக்கு சொல்லித் தோத்தீங்கன்னு.