குடியும் மனையும்: கள்ளுக்கடைப் பொருள்களின் வழியே ஒரு வரலாறு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஒன்றின் பெயர் குடிகாடு. அருகிலேயே ஈச்சங்காடு. முதன்முதலாகக் கேட்கும் வெளியூர்க்காரர்கள் குடிகாடு என்ற பெயருக்குச் சிரிப்பதுண்டு. இந்தப் பெயரில் இருக்கும் குடி, மக்கள் குடியிருக்கும் குடி. தமிழில் வீடு, குடும்பம், குலம், ஊர், அருந்துதல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே சொல் தாங்கிக்கொண்டிருக்கிறது. 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற வாசகத்தைச் சுவரிலும் திரையிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வாசகத்தில் முதல் குடி ஆணுடையது; கெட்டுப்போகும் இரண்டாவது குடியில்தான் பெண் இருக்கிறாள், அழுதுகொண்டு, அடி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு. அது பொய்யல்ல. ஆனால் முதல் குடியிலும் அவள் இருந்திருக்கிறாள். குடிக்கும் இடத்தைக் கட்டியதில், மெழுகியதில், அலங்கரித்ததில் அவள் கை இருந்தது. அந்தக் கை எப்போது விலக்கப்பட்டது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

குடிக்கும் இடம் எப்படி இருந்தது என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று பட்டினப்பாலையில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் வரும் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வரிசையாகச் சொல்லிவரும் உருத்திரங்கண்ணனார், தெய்வத்தின் கொடி, வாதுக்கு அழைக்கும் புலவர்களின் கொடி, கப்பல்களின் கொடி ஆகியவற்றோடு கள் விற்கும் வீட்டின் கொடியையும் சேர்க்கிறார். அந்த வீட்டின் முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரிகின்றன. மணல் குவிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் மலர்கள் சிதறிக் கிடக்கின்றன. பலர் வந்து போகும் வாசலில் பலி இடப்பட்டிருக்கிறது. கவனிக்க வேண்டிய சொல் 'மனை'. புலவர் அதைக் கடை என்று சொல்லவில்லை. அது ஒரு குடும்பத்தின் வீடு. அதன் முன்வாசலே விற்பனைக்கூடம். மணலும் மலரும் கொடியும்தான் அதன் அலங்காரம். மணலைக் குவித்தது யார் என்று பாட்டு சொல்லவில்லை. நம் கிராமங்களில் விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவது யார் என்பதை வைத்து நாம் ஊகிக்கலாம்.

ஊகத்துக்கு இடம் தராத சான்றும் உண்டு. அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தொண்டை நாட்டுக் கடற்கரையில் கள் அடும் மகளிர் வருகிறார்கள். அவர்கள் கிண்ணங்களைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அகநானூற்றில் கள் விற்கும் பெண்களுக்கு 'அரியல் பெண்டிர்' என்ற பெயரே இருக்கிறது. காய்ச்சியவர்கள், விற்றவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் என்று மூன்று வேலைகளிலும் பெண்கள். குடித்தவர்களிலும் உண்டு. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்ததை ஔவை அவன் சாவுக்குப் பிறகு நினைத்துப் பாடுகிறார். வகுப்பில் இந்தப் பாடலுக்கு வரும்போதெல்லாம் மாணவர்கள் நெளிவதைப் பார்க்கிறேன். ஔவை என்றால் ஆத்திசூடிப் பாட்டி என்றே பழகிவிட்ட மனத்துக்கு, அரசனோடு அமர்ந்து கள் அருந்திய பாணர் குலத்துப் பெண்ணை ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. இடைக்கால இங்கிலாந்தில் ஏல் எனும் பார்லி மது காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் வீட்டுத் தொழில். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்கும் நாளில் வாசலில் ஒரு கழியை நட்டு அடையாளம் காட்டுவார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் கொடியின் வேலையைத்தான் அந்தக் கழியும் செய்தது. 1300 வாக்கில் பெண்கள் கையில் இருந்த இந்தத் தொழில் 1600 வாக்கில் ஆண்கள் கைக்குப் போய்விட்டதை ஜூடித் பென்னட் 1996இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பெரிய முதலீடும், கெடாமல் நெடுநாள் நிற்கும் பியரும், தொழிற்சங்க விதிகளும் வந்தபோது, சிறு அளவில் வீட்டில் காய்ச்சியவள் வெளியே நின்றாள். காய்ச்சத் தெரியாததால் அல்ல. கடன் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் அவளுக்கு வழி இல்லாததால்.

நம் ஊர்க் கள்ளுக்கடைக்கு வருவோம். அதன் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது ஒரு கைவினைக் கூடம்போலத் தெரியும். கூரைக்குப் பனையோலை அல்லது தென்னங்கீற்று. தாங்குவதற்கு, காய்ப்பு நின்ற பனையை அறுத்து எடுத்த வைரம் பாய்ந்த சட்டங்கள். கள்ளுக்கு மண்பானை, அளப்பதற்கு மொந்தை, குடிப்பதற்கு ஓலையை மடித்துக் கட்டிய பட்டை. உட்காரப் பலகை, இல்லையென்றால் கோரைப்பாய், ஓரத்தில் பனைநார் பின்னிய ஒரு கட்டில். ஒரே மரம் பானமாகவும் கூரையாகவும் கோப்பையாகவும் கட்டிலாகவும் நின்றது. இன்று 'மறுபயன்பாடு' என்று பெயர் சூட்டி நாம் பாராட்டுவதை அன்று யாரும் பெயரிட்டு அழைக்கவில்லை. வேறு பொருள் வாங்க வழியில்லாத ஏழைத் தொழிலின் இயல்பு அது.

இந்தப் பொருள்களின் உழைப்பைப் பிரித்துப் பார்த்தால் பாலினக் கோடு தெரிகிறது. மரம் ஏறுவது, பாளை சீவுவது ஆண் வேலை. கூரை வேய்வதும் ஆண் வேலை. ஆனால் தென்னமட்டையை இரண்டாக வகிர்ந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, தரையில் குந்திக் கீற்று முடைவது பெண் வேலை. பனையோலையில் பெட்டியும் கொட்டானும் பின்னுவதும் பெரும்பாலும் பெண் வேலையே. குயவர் வீட்டில் சக்கரம் சுற்றுபவர் ஆண் என்றாலும், மண்ணைச் சலித்துப் பிசைந்து கொடுப்பது அந்த வீட்டுப் பெண். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்க அடுப்பின் முன் மணிக்கணக்காக நின்று கிண்டியவளும் அவளே. கடைக்கு வெளியே சுண்டலும் கருவாடும் வறுத்த மீனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் பெண்தான். மேலேறுவது திறமை என்றும் கீழே குந்திச் செய்வது சும்மா கைவேலை என்றும் கூலி பிரிந்தது. பனையேறியின் பெயரால் சாதி உண்டு, பாட்டு உண்டு, இன்று சங்கமும் உண்டு. கீற்று முடைபவளுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

மனையிலிருந்து கடையைப் பிரித்ததில் பெரும் பங்கு காலனிய ஆட்சியின் ஆப்காரி முறைக்கு உண்டு. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள் இறக்க, காய்ச்ச, விற்க எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலத்தில் பணம் கட்ட முடிந்தவரின் கைக்குக் கடை போனது. கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிலைபெற்றுவிட்டது. சர்க்கரையின் கழிவுப்பாகிலிருந்து ஆலையில் சாராயம் வடிக்கும் காலத்தில், ஒரு நாள் தாங்கி மறுநாள் புளித்துப்போகும் கள்ளுக்கும் அதைச் சுற்றியிருந்த வீட்டுத் தொழிலுக்கும் என்ன இடம் இருக்கும்? பீப்பாயில் வந்து இறங்கும் சாராயத்துக்கு மொந்தை செய்பவள் தேவையில்லை, பட்டை மடிப்பவள் தேவையில்லை. கடைக்கு வேண்டியதெல்லாம் ஓர் அளவுக் குவளையும் கல்லாப்பெட்டியும்.

இதற்கிடையே இன்னொரு பெண் வரலாற்றுக்குள் வருகிறாள், கடைக்கு எதிரே நிற்பவளாக. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னணியில் நின்றார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில்தான் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இன்றும் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. தமிழ்ப் பெண்கள் பொதுத்தெருவில் அரசியலாக நின்ற தொடக்க காலக் காட்சிகளில் அது ஒன்று. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அடி வாங்கியவர்களின் கோபம் அதில் பேசியது. ஆனால் அந்தப் போராட்டங்களைச் சட்டமாக்கிய ஆண்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: குடிகாரனின் மனைவி என்ற உருவம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்து, 1987இல் கள்ளும் சாராயமும் மட்டும் நின்றன. ஒவ்வொரு முறையும் பெண்ணின் கண்ணீர் காரணமாகச் சொல்லப்பட்டது. முடைபவளும் காய்ச்சுபவளும் சுண்டல் விற்பவளும் என்ன ஆவார்கள் என்ற பேச்சு அந்தச் சட்டங்களின் மையத்துக்கு வரவேயில்லை.

2003இல் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கடையோடு ஒட்டிய பாரைத் தனியார் டெண்டரில் எடுக்கிறார்கள். தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டிகளைச் சேகரிக்கவும் தரப்படும் உரிமை அது. அதன் அறைகலன்களை நாம் அறிவோம்: பிளாஸ்டிக் நாற்காலி, தகரக் கூரை, பிளாஸ்டிக் கோப்பை, தண்ணீர்ப் பாக்கெட். அந்த அறையில் யாருடைய கையின் சுவடும் இல்லை. சீக்கிரம் குடித்துவிட்டுப் போ என்று ஒவ்வொரு பொருளும் சொல்கிறது. பெண் அங்கே வருவது பின்கட்டில் பாத்திரம் கழுவ, அல்லது கடையை மூடச் சொல்லி முற்றுகையிட. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2017இல் கடைகள் குடியிருப்புகளுக்குள் வந்தபோது, ஊர் ஊராகப் பெண்கள் அப்படித்தான் திரண்டார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு காவல் அதிகாரி போராடிய பெண்ணின் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. 2023இல் 500 கடைகள் மூடப்பட்ட பிறகும் 4,829 கடைகள் மிஞ்சின. அடுத்த ஆண்டு ஜூனில், பழைய தென்னார்க்காட்டின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில், கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

கடலூரிலிருந்து வடக்கே எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சி காரணமாக அங்கே வேறு சட்டம், வேறு வரலாறு. அங்கும் சென்னையிலும் இப்போது சில மதுக்கூடங்கள் பழையதையும் கையால் செய்ததையும் தேடிப்பிடித்து அலங்கரித்துக்கொள்கின்றன. பனையோலை விளக்குக்கூடு, கயிற்றுக் கட்டில், பழைய கதவை மேசையாக்கிய பலகை, சுவர் நிறைய எனாமல் தட்டுகள். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்குக் கிடக்கின்றன. பர்மாவில் வட்டிக்கு விட்ட பணம் தேக்காக வந்து தூணாக நின்று, குடும்பம் சரிந்ததும் சரக்காகிவிட்டது. இவற்றோடு கிடக்கும் எனாமல் தூக்குகளையும் பீங்கான் ஜாடிகளையும் எடுத்துப் பாருங்கள். அவற்றில் பல, மகளுக்குச் சீராகக் கொடுத்தவை. பாத்திரங்களில் பெயரெழுத்துப் பொறித்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எவளோ ஓர் ஆச்சியின் சீர், அவள் ஒருநாளும் நுழைந்திராத அறையின் சுவரில் அழகாகத் தொங்குகிறது.

அழகு எனக்குப் பகையல்ல. பிளாஸ்டிக் நாற்காலியைவிடப் பனைநார்க் கட்டில் மேல் என்பதில் ஐயமில்லை. 'குடும்பம் நடத்தும் பார்' என்று ஒருவர் பெருமையோடு பலகை மாட்டினால், அந்தக் குடும்பத்தில் உரிமம் யார் பெயரில், கல்லா யார் கையில், பின்கட்டு யாருக்கு என்று நாம் கேட்கலாம். விளக்குக்கூட்டைப் பின்னியவளுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு, விற்ற விலை எவ்வளவு என்றும் கேட்கலாம். கள்ளுக்கடையைத் திரும்பத் திறக்கச் சொல்லும் பனையேறிகளின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆலைச் சரக்குக்கு அனுமதியும் பனங்கள்ளுக்குச் சிறையும் என்பது வர்க்க நீதி. ஆனால் அந்தக் கோரிக்கை மனுக்களிலும் பெண் உழைப்பாளியாக எழுதப்பட வேண்டும். கடை திறந்தால் அவளுக்குக் கூலி என்ன, வீட்டில் அடி விழுந்தால் அவளுக்குக் காப்பு என்ன என்ற இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது இருதரப்புக்கும் இதுவரை வசதியாக இருந்திருக்கிறது.

உருத்திரங்கண்ணனார் ஒரு துறைமுகத்தின் பெருமையைப் பாடும்போது கள் விற்கும் வீட்டு முற்றத்து மணலையும் விட்டுவிடவில்லை. மற்றொரு பாட்டில் கிண்ணம் கழுவிய நீர் வழிந்த சேற்றைக்கூட எழுதிவைத்தார். இன்றைய ஆப்காரிக் கணக்கில் வருவாய் இருக்கிறது, புட்டிகளின் எண்ணிக்கை இருக்கிறது, ஏலத்தொகை இருக்கிறது. கிண்ணம் கழுவியவள் அந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை.