தவிடு ஏறிய போர்க்கப்பல்

1944 டிசம்பரில் 'ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. யப்பானை எதிர்க்கத் திரண்டுகொண்டிருந்த பசிபிக் கடற்படையில் சேரத்தான் அந்த வருகை. 1941இல் ஜேர்மனியின் பிஸ்மார்க் கப்பலை மூழ்கடித்ததில் அதற்கிருந்த பங்கைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதே 1941இல் அதில் ஏற்றப்பட்ட கோதுமைத் தவிட்டு மூட்டைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 'நார்ச்சத்து சேருங்கள்' என்று வைத்தியர்கள் இன்று சொல்லும் புத்திமதியின் வேர்களில் ஒன்று அந்த மூட்டைகளில்தான் இருக்கிறது.

ஏற்றச் சொன்னவர் கடற்படை வைத்தியர் தோமஸ் லட்டிமர் கிளீவ். கடலில் நாட்கணக்காகக் கிடக்கும் மாலுமிகளுக்குப் பச்சை மரக்கறியும் பழமும் அரிது. மலச்சிக்கல் கப்பல் முழுக்க. கிளீவ் தவிட்டைத் தின்னக் கொடுத்தார், குணம் தெரிந்தது, 'தவிட்டு மனிதர்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. தவிடு சிறுகுடலில் சமிபாடடையாது. அதன் பெருமையே அதுதான். தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தைப் பருமனாக்கி, இளக்கி, சீக்கிரம் நகர வைக்கிறது.

கிளீவ் அதோடு நிற்கவில்லை. சலரோகம், மாரடைப்பு, மூலம் என்று வைத்தியர்கள் தனித்தனியாகப் பார்த்த நோய்களுக்கெல்லாம் தீட்டிய மாவும் சீனியுமே காரணம் என்று 1966இல் ஜி. டி. கேம்பலோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். பெரும்பாலான வைத்தியர்கள் காது கொடுக்கவில்லை. அடுத்த வருடம் உகண்டாவில் பல காலம் சத்திரசிகிச்சை செய்து திரும்பியிருந்த டெனிஸ் பேர்கிட் அவரைச் சந்தித்தார். உகண்டா ஆஸ்பத்திரிகளில் குடல்வால் அழற்சியை அரிதாகவே கண்டவர் பேர்கிட். தீட்டும்போது சேர்ந்து செறிந்த சீனியைக் கிளீவ் குற்றவாளியாக்கினார். தீட்டும்போது கழிந்துபோன தவிட்டைப் பேர்கிட் தேடினார். என் கணக்கில் நார்ச்சத்தின் கதை திரும்பிய இடம் இதுதான்.

சோறு உள்ளே போய் வெளியே வர எத்தனை மணிநேரம்? கேட்கவே கூச்சப்படும் கேள்வி. பேர்கிட் ஆட்களுக்குச் சின்னஞ்சிறு குறிகளை விழுங்கக் கொடுத்து, மலத்தை நிறுத்துப் பார்த்தார். 1972இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: உகண்டாக் கிராமத்தவருக்குச் சுமார் 36 மணிநேரம், பிரித்தானிய மாலுமிகளுக்கும் அவர்களின் மனைவிமாருக்கும் சுமார் 83. இந்த முறையும் கடற்படைதான் அகப்பட்டது! மனித நொதியங்களால் உடைக்க முடியாத தாவரச் சுவரின் மிச்சம் என்ற வரைவிலக்கணத்தை நார்ச்சத்துக்கு அதே காலத்தில் கொடுத்தவர் அவருடைய நண்பர் ஹியூ ட்றோவெல். பெயரை 1953இலேயே ஈபன் ஹிப்ஸ்லி சூட்டியிருந்தார்.

தவிட்டை மருந்தாக்கியவர்களுக்கு ஓர் அடியும் விழுந்தது. பெருங்குடலில் முளைத்த பொலிப்புகளை அகற்றிக்கொண்டவர்களுக்கு அமெரிக்காவில் கோதுமைத் தவிடு கொடுத்துப் பார்த்தார்கள். அவை திரும்ப வருவது குறையவில்லை என்று 2000இல் அறிவித்தார்கள். ஒரு கரண்டித் தவிடு முழுச் சாப்பாட்டுக்கு ஈடாகாது போலும். பயறு, கீரை, குரக்கன், தீட்டாத அரிசி ஆகியவற்றின் நாரில் ஒரு பகுதியைப் பெருங்குடல் பக்டீரியாக்கள் புளிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் பியூட்டிரேற்று குடற்சுவரின் கலங்களுக்கு உணவு. கரையும் நார் கொலஸ்திரோலையும் குறைக்கிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 11 கிராம் உண்டு. காலையில் குரக்கன் பிட்டு அவிக்கிற வீட்டில் பாதி வேலை முடிந்த மாதிரி.

பாணோடு விடியும் வீடுகளுக்கு அந்த வசதி இல்லை. 100 கிராம் கோதுமைத் தவிட்டில் 40 கிராமுக்கு மேல் நார்; வெள்ளை மாவில் 3 கிராமும் தேறாது. அந்த மா பெரும்பாலும் அதே திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து வருகிறது. சிங்கப்பூரின் பிரிமா நிறுவனம் 1977இல் அரசோடு உடன்படிக்கை செய்து, 1980இல் அங்கே ஆலையை ஓட்டத் தொடங்கியது. அப்போது கோதுமை அரசாங்கத்தினுடையது, மாவும் அரசாங்கத்துக்கே. அரைகூலியாக ஆலை வைத்துக்கொண்டது தவிட்டை. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக அது விலைபோனது.