போய்வந்த நாட்களின் கணக்கு

அனுமந்தையில் பேருந்தேறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கூனிமேடு, கீழ்ப்புத்துப்பட்டு, கனகசெட்டிக்குளம் என்று ஊர்கள் வரிசையாக வரும். கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கனகசெட்டிக்குளம் 1954 வரை பிரெஞ்சிந்தியாவின் ஒரு துண்டு. உப்புக்குக்கூட நாடு பார்த்த எல்லை இது: 1818 ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரர் தங்கள் மண்ணில் உப்பு விளைவிப்பதைக் கைவிட்டார்கள், அதற்கு ஈடாக ஆங்கிலேயர் ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் கொடுத்தார்கள். மரக்காணத்து உப்பளங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தன. மனிதர்களின் குடியுரிமையும் இதே சாலையில் இருவேறு விதமாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒருபுறம் ஆறு மாத அவகாசத்தில் ஒரு கையெழுத்தால் முடிந்தது. மறுபுறம் முப்பது ஆண்டுகள் கடந்தும் முடியவில்லை. குடியுரிமைக்காகக் காத்திருக்கும் குடும்பம் எங்கே இருந்தது, எங்கே போய்வந்தது, எத்தனை நாள் வெளியே தங்கியது என்பதை அரசுகள் அந்தக் குடும்பத்தின் விசுவாசத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வது வழக்கம். தமிழர் சந்தித்த மூன்று சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தச் சாட்சி எவ்வளவு நம்பத்தகாதது என்று தெரியும். வெளியே இருந்த நாட்களுக்குத் தாமாக ஒரு பொருளும் கிடையாது. அரசுக்கு எது தேவையோ அதுவே அவற்றின் பொருளாகிவிடுகிறது.

முதலில் புதுச்சேரி. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் புதுச்சேரி மண்ணில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். மணமாகாத, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையின் கையெழுத்தே போதும். இந்த உடன்படிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் உண்டு. புதுச்சேரியில் பிறந்து, அந்த நாளில் இந்தியாவுக்கும் புதுச்சேரிக்கும் வெளியே மூன்றாவது நாடொன்றில் குடியிருந்தவர் எதையும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். சைகோனில் வேலை பார்த்த தம்பிக்குக் குடியுரிமை தானாக நிலைத்தது, ஊரில் இருந்த அண்ணன் கெடு முடிவதற்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டியிருந்தது. இங்கே வெளியே இருந்தது குறையாகவில்லை, உரிமையைக் காத்தது.

அதற்குப் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் எழுதப்பட்ட சட்டங்கள் நேர்மாறாகப் பேசின. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டது: இலங்கையில் பிறந்தவருக்கு அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த, பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத தோட்ட லயங்களில் (வரிசைவீடுகளில்) இதை நிரூபிக்கக்கூடியவர்கள் சொற்பம். நிரூபிக்க முடியாத மற்றவர்களுக்கென்று வந்ததுதான் 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டமான இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். அது 1949 ஆகஸ்ட் 5-இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம். 1946 ஜனவரி 1-க்கு முந்தைய ஏழு ஆண்டுகள், மணமாகாதவரானால் பத்து ஆண்டுகள், இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்ப நாள் வரையிலும் அப்படியே. ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிப்பவர் மட்டும் இருந்தால் போதாது: மனைவி திருமணமான முதலாண்டு நிறைவுக்குள்ளும், பிள்ளைகள் பிறந்த முதலாண்டு நிறைவுக்குள்ளும் வந்து, அன்றிலிருந்து இடையறாது வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் தொடக்கத்தில் விதித்தது. ஆக ஒருவரின் குடியுரிமை குடும்பத்தில் எல்லாருடைய கால்களையும் பொறுத்ததாயிற்று. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன, அவற்றுள் அடங்கியவர்கள் சுமார் 8,25,000 பேர். கடைசியில் குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. பரிசீலனை பத்தாண்டைத் தாண்டியும் நீண்டது.

இந்த விதி எந்த வழக்கத்தின்மேல் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, திருச்சி, சேலம் மாவட்டத்துக் கிராமங்களுக்கும் மலையகத் தோட்டங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது. கல்யாணம், கருமாதி, குலதெய்வத்துக்கு முடியிறக்கல், பங்காளி நிலத் தகராறு என்று ஊருக்குப் போக ஆயிரம் காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைப்பிரசவம். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது தமிழ்க் குடும்பங்களில் கேள்வி கேட்காமல் நடப்பது. தாய்வீடு துறையூர்ப் பக்கம் இருந்தால் பிள்ளை அங்கேதான் பிறக்கும், ஐந்தாறு மாதம் கழித்துக் கப்பலேறி வரும். அந்த ஐந்தாறு மாதத்துக்கு 1948 சட்டம் தந்த விலை பெரிது. இலங்கைக்கு வெளியே பிறந்துவிட்டால் தந்தை அங்கே பிறந்தது மட்டும் போதாது, பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். மகளை அழைத்துப்போய் நல்லபடியாகப் பிள்ளை பெறவைத்து அனுப்பிய பாட்டி, தான் அறியாமலே பேரனின் நாட்டை மாற்றிவிட்டாள்.

பன்னிரண்டு மாதம் என்பது தாராளமான அவகாசம்தானே, கல்யாணத்துக்குப் போகிறவர் யார் ஓராண்டு தங்கப்போகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் எண்ணச் சொன்ன ஏழு ஆண்டுகள் எவை? 1939 தொடக்கத்திலிருந்து 1945 முடியும் வரை. 1939 ஆகஸ்ட் 1 முதல், உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதம் உலகப் போர். 1942 ஏப்ரலில் கொழும்பின்மேலும் திருகோணமலையின்மேலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது பெண்டுபிள்ளைகளை ஊருக்கு அனுப்பியவர்கள் ஏராளம். கடற்பயணம் யார் கையிலும் இல்லாத காலத்தை எடுத்து, அந்தக் காலத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். மெய்ப்பிப்பது அதைவிடப் பெரிய பாடு. வேலைக்குப் போனவரின் பெயர் தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் இருக்கும். வேலைக்குப் போகாத மனைவியும் கைக்குழந்தையும் அந்த ஆண்டுகளில் லயத்தில் இருந்தார்கள் என்பதற்கு எந்தத் துரை, எந்தக் கங்காணி சீட்டு எழுதித் தருவார்? விதியில் இருந்த தாராளம் விசாரணை மேசையில் இல்லாமல் போனது. ஊருக்கு அனுப்பிய மணியார்டரைக்கூட நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லாததற்கு அடையாளமாகப் படித்தார்கள். வயதான தாய்க்குப் பணம் அனுப்பாத மகனைத்தான் நல்ல குடிமகன் என்று அந்த அரசு நினைத்ததோ என்னவோ.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புதிதாகக் குடியுரிமை தரும் அரசுக்கு, வந்தவர் தங்குவாரா என்று பார்க்கும் உரிமை இல்லையா? பிரெஞ்சு உடன்படிக்கை ஏற்கெனவே குடிமக்களாக இருந்தவர்களைப் பற்றியது, அதை இதனோடு ஒப்பிடலாமா? 1953-இல் கொடக்கன் பிள்ளை வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. இந்தியத் தமிழரின் போய்வரும் பழக்கம் அவர்களின் குடியுரிமைத் தகுதியோடு நேரடியாகத் தொடர்புடைய செய்தி, அவர்களை ஓர் இனமாகப் பார்த்து ஒதுக்கியதாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அரசுக்குச் சோதிக்கும் உரிமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தோட்டத் தமிழர் புதிதாக வந்து கதவைத் தட்டியவர்கள் அல்லர். 1931 முதல் அவர்களில் பலர் வாக்களித்திருக்கிறார்கள், 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் சிலர், தொண்டமான் உட்பட, நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். அப்போதும் அவர்கள் ஊருக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள், அந்தப் பயணங்கள் வாக்குச்சீட்டைத் தடுக்கவில்லை. இரண்டே ஆண்டில் மாறியது சட்டம். பழக்கம் அப்படியேதான் இருந்தது. தவிரவும், போய்வருகிறவர் திரும்பி வருகிறார் என்பதை நீதிபதிகள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஊரில் கருமாதி முடிந்த கையோடு கப்பலேறித் தேயிலைக் கொழுந்து பறிக்க வந்து நிற்பவரைவிட, தன் வாழ்வு எங்கே என்பதை வேறு யார் தெளிவாகக் காட்ட முடியும்?

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தமாகி இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து மறுபடி ஓடியது, ஆனால் அதில் வந்தவர்களின் பயணம் இப்போது ஒருவழிப் பயணம். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்த வீடுகளுக்கு, முன்பு சாதாரணமாக நடந்த ஒரு கல்யாணப் பயணம் விசா கேட்கும் காரியமாயிற்று. இலங்கையில் உள்நாட்டுப் போர் தொடங்கியபின் 1980களில் அந்தக் கப்பலும் நின்றது.

இடையறாத வசிப்பு என்ற சோதனை தவிர்க்க முடியாதது என்பவர்களுக்கு இலங்கையே பின்னால் பதில் சொன்னது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை தந்தது. அப்போதும் போரில் தமிழகத்துக்கு ஓடிவந்தவர்கள் விடுபட்டார்கள், இலங்கையில் வசிக்கவில்லை என்ற அதே பழைய காரணத்தால். 2009-இல் திருத்தம் வந்தது: நாட்டு நிலைமையால் இந்தியாவுக்குப் போக நேர்ந்தவர்கள் வெளியே இருந்த காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது. ஊரைவிட்டுப் போயிருப்பது ஊரைக் கைவிட்டது ஆகாது என்று அறுபது ஆண்டு கழித்து அந்த நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது.

இனி கீழ்ப்புத்துப்பட்டு. இந்தியச் சட்டத்தில் இயல்புரிமைக்கு மொத்தம் பன்னிரண்டு ஆண்டு வசிப்பு வேண்டும், அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாக. 2015 திருத்தம் இந்தக் கடைசி ஓராண்டில் சிறப்புக் காரணங்களுக்காக முப்பது நாள் வரை இடைவெளியை மன்னிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. வெளிநாட்டில் பெற்றோர் உள்ளவருக்கு ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ போய்வர அது போதலாம். முகாமில் உள்ளவருக்கு அந்த முப்பது நாளால் பயனில்லை. உரிய ஆவணமின்றி நுழைந்தவர் 2003 திருத்தத்தின்படி ‘சட்டவிரோதக் குடியேறி’. அவர் எத்தனை ஆண்டு வசித்தாலும் பதிவுக்கோ இயல்புரிமைக்கோ தகுதி பெறுவதில்லை. இலங்கைச் சட்டம் சில மாத இன்மையைக் கொண்டு பல பத்தாண்டு இருப்பை அழித்தது. இங்கே படகிலிருந்து இறங்கிய ஒரு நாளைக் கொண்டு முப்பது ஆண்டு இருப்பு அழிகிறது. தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போக விரும்புகிறவர் வெளியேறும் அனுமதி வாங்கிப் போகலாம், ஆனால் அது திரும்பிவரும் உரிமையோடு கிடைக்கும் பயணம் அன்று. எனவே போகாமல் இருக்கிறார்கள், சடங்குகளைக் கைபேசித் திரையில் பார்க்கிறார்கள். 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மலையக வம்சாவளியினரின் வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வழிவிட்டது. 2021-இல் மாநில அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பாயா என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. தண்டனை நீங்கியது, குடியுரிமை அந்த ஆணையால் வந்துவிடவில்லை.

வசிப்பை நிரூபிப்பது கடினம் என்ற நிர்வாகக் காரணமும் இங்கே செல்லாது. தோட்டத்து மனைவிக்கு 1951-இல் இல்லாத சாட்சி முகாமில் உள்ளவருக்கு இருக்கிறது. வந்த நாளின் பதிவு, குடும்ப அட்டை, மாதந்தோறும் வாங்கிய பணக்கொடைக்கு இட்ட கையெழுத்து, வருவாய்த் துறையின் ஆள் தணிக்கைக் குறிப்பு ஆகிய எல்லாம் அரசின் கையிலேயே உள்ளன. யார் எந்த மாதம் இங்கே இருந்தார் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த ஏடு, அனுமந்தை, மரக்காணம் பக்கம் பரம்பரையாக வாழ்கிற எந்தக் குடும்பத்துக்கும் கிடையாது. அந்த ஏட்டின் முதல் பக்கத்துத் தேதியிலிருந்து ஆண்டுகளை எண்ணலாம் என்று நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால், 2009-இல் கொழும்பு செய்ததை டெல்லியும் செய்ததாகும்.