முதலில் ஆடியவர்கள்

உலகக் கோப்பை கிரிக்கெட் முதன்முதலாக நடந்தது 1973-ல், இங்கிலாந்தில். ஆடியவர்கள் பெண்கள். ஆண்களுக்கு அது 1975-ல்தான் வாய்த்தது. பெண்கள் போட்டிக்கான பணத்தை ஜாக் ஹேவர்டு என்ற செல்வந்தர் தன் பையிலிருந்து கொடுத்தார், 40,000 பவுண்டு. நாடுகளுக்கிடையிலான முதல் டி20 ஆட்டமும் பெண்களுடையதே: 2004 ஆகஸ்டில், ஹோவ் மைதானத்தில், இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதின. ஒருநாள் ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதமும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் 1997-ல் மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 எடுத்தார். 2010-ல் சச்சின் குவாலியரில் 200 தொட்டபோது தெருவே "உலகத்திலேயே முதல் ஆள்" என்று கூத்தாடியது. "ஆம்பளைங்கள்ல முதல் ஆள்" என்று நான் திருத்தப்போய் வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலில் வந்தவர்களுக்குக் காசு மட்டும் கடைசியாக வந்தது. அந்தக் கதைதான் இது.

எழுபதுகளின் கடைசியில் சென்னையில் கல்லூரி அணிக்கு விக்கெட் கீப்பராக நின்றவள் நான். அண்ணன் போட்டுக் கழித்த பேடு எனக்குத் தொடைவரை ஏறும். மட்டை, கிளவுஸ் எல்லாம் அணிக்கே பொது. அவுட்டாகித் திரும்புகிறவள், எதிரே இறங்கி வருகிறவளிடம் பாதி வழியில் கிளவுஸைக் கழற்றிக் கொடுப்பாள். ஈரமாக இருக்கும். யாரும் முகம் சுளித்ததில்லை.

தேசிய அணியின் நிலையும் பெரிதாக வேறில்லை. 1973-ல் லக்னோவில் மகேந்திர குமார் சர்மா பெண்கள் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவு செய்தார். 1976-ல் வெஸ்ட் இண்டீஸ் அணி வந்தது. பாட்னாவில் நம் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றார்கள். கேப்டன் சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர். அந்த ஆண்டின் அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. பெண் கிரிக்கெட்டில் அவரே முதல். ஆனால் முன்பதிவில்லாப் பெட்டியில் பயணம், பொது விடுதிக் கூடத்தில் படுக்கை என்றுதான் அந்தத் தலைமுறை ஆடியது. 1928-லேயே தொடங்கிய கிரிக்கெட் வாரியம் பெண்களைத் தன் குடைக்குள் சேர்த்தது 2006-ல்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மிதாலி ராஜ் தலைமையில் இந்தியா தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்வரை போனது. அப்போது ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாக மிதாலியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2022 அக்டோபரில் வாரியம் மேட்ச் ஃபீஸைச் சமமாக்கியது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். நல்ல முடிவு, கைதட்டினேன். பிறகு கணக்குப் போட்டேன். அப்போதைய ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்ச வகுப்புக்கு 7 கோடி, பெண்களுக்கு 50 லட்சம். அதைக்கூட விடுங்கள், மேட்ச் ஃபீஸ் என்பது ஆடினால்தானே கிடைக்கும்? 2014 நவம்பருக்குப் பிறகு 2021 ஜூன்வரை இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. சச்சின் 24 ஆண்டுகளில் 200 டெஸ்ட் ஆடினார். மிதாலி 23 ஆண்டுகளில் ஆடியது 12. திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்; அட்டவணை போடுகிறவர் போடவில்லை, அவ்வளவுதான்.

2025 நவம்பரில் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று நம் பெண்கள் கோப்பையைத் தூக்கினார்கள். பரிசு 44.8 லட்சம் டாலர். 2023-ல் ஆண்கள் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது 40 லட்சம். பரிசில் பெண்கள் முந்தியாயிற்று. இனி வாரியத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆண்டுக்கு நான்கு டெஸ்டாவது பெண்களுக்கு ஒதுக்குங்கள்.