திருமணப் பதிவேடும் அதைத் தேடும் முறையும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து

1. பொருள் வரையறை

‘கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணியாச்சா?’ என்று கேட்பவர் கையில் ஒரு தாள் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். ஆய்வுக்கு இந்த வழக்கு போதாது. பதிவு, பதிவேடு, சான்றிதழ், சான்றுப்படி என்ற நான்கையும் வேறு பிரித்தறிந்த பின்பே மேலே செல்ல இயலும்.

நடந்து முடிந்த, அல்லது தம் முன்னிலையில் நடக்கும் திருமணத்தை அதிகாரம் பெற்ற அலுவலர் சட்டப்படி ஏற்று எழுதும் செயல் பதிவு. அவர் எழுதிவைக்கும் புத்தகம் பதிவேடு. எழுதியதற்கு அடையாளமாக மணமக்களுக்கு அப்போதே தரப்படுவது சான்றிதழ். பிற்காலத்தில் ஒருவர் கேட்டுக் கட்டணம் செலுத்தும்போது பதிவேட்டிலிருந்து எடுத்து, ‘மூலத்துக்கு மெய்யானது’ என்று அலுவலர் ஒப்பமிட்டுத் தருவது சான்றுப்படி. அலுவலக வழக்கில் இதைச் சான்றிட்ட நகல் என்பர்.

இந்தப் பிரிப்பால் ஒரு பயன் உண்டு. வெள்ளத்திலோ வீடு மாறுகையிலோ சான்றிதழ் தொலைந்தால் பதிவே போய்விட்டதாகக் கருதி, மறுபடி பதிய இயலுமா என்று கேட்டு வருவோர் பலர். தொலைந்தது தாள் மட்டுமே. பதிவேட்டு வரி இருந்த இடத்தில் இருக்கிறது. எனவே தேட வேண்டியது அந்த வரி. பெற வேண்டியது அதன் சான்றுப்படி.

2. உரிம வழி, அறிவிப்பு வழி, பின்பதிவு வழி

அமெரிக்காவில் மணம் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கவுண்டி அலுவலகத்தில் உரிமம் பெறுகின்றனர். மணம் முடிந்ததும் அந்த உரிமம் நடத்திவைத்தவர் ஒப்பத்துடன் அதே அலுவலகத்துக்குத் திரும்பிப் பதிவாகிறது. இதை உரிம வழி என்போம். அங்கு வாழும் நம்மவர் ஊரிலுள்ள தம் பெற்றோரிடம் ‘மேரேஜ் லைசன்ஸ்’ கேட்டு எழுதுவது இந்தப் பழக்கத்தால்தான். தருமபுரியில் அப்படி ஓர் ஆவணம் வழக்கில் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்துவர் திருமணச் சட்டத்தில் உரிமம் என்ற சொல் வருகிறது. ஆனால் அது மணம் செய்துவைக்கும் போதகருக்குத் தரப்படும் உரிமம், மணமக்களுக்கு அன்று.

நம்மிடம் உள்ளவை வேறு இரண்டு. மணத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, காலம் கழிந்தபின் அலுவலர் முன் மணம் புரிவது அறிவிப்பு வழி. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இவ்வகை. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வாழ்ந்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளியிடப்பட்டு 30 நாள் ஆட்சேபத்துக்கு இடம் விடப்படும். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் மணம் நடக்காவிடில் அது காலாவதியாகும். மணத்தின்போது மூன்று சாட்சிகள் வேண்டும். ஊரார் முன்னிலையில் மணம் முடித்துப் பிறகு அலுவலகம் சென்று எழுதுவது பின்பதிவு வழி. நம் மாவட்டத்தில் பெரும்பான்மை இதுவே.

அறிவிப்பு வழியில் இரண்டு ஏடுகள் உருவாகின்றன: அறிவிப்பு ஏடு, திருமணச் சான்று ஏடு. அறிவிப்பு ஏட்டைக் கட்டணமின்றி எவரும் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஒளிவுமறைவின்மைக்காக வைக்கப்பட்ட இந்தத் திறப்பு, சாதி கடந்து மணப்போருக்கு ஆபத்தாகவும் முடிகிறது. 2012 நவம்பரில் சாதி மறுப்புத் திருமணம் ஒன்றையொட்டித் தருமபுரி நத்தம் பகுதியில் வீடுகள் எரிக்கப்பட்டதை அறிந்த எவரும் இந்த 30 நாளை வெறும் நடைமுறை என்று கொள்ளமாட்டார்.

3. சட்ட வகைகள்

தேடுபவர் முதலில் தீர்க்க வேண்டிய வினா, எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு நடந்தது என்பது. ஒரே அலுவலகத்திலேயே சட்டத்துக்கு ஒன்றாக ஏடுகள் தனித்தனியே இருக்கும். ஓர் ஏட்டில் இல்லை என்பதால் மற்றொன்றிலும் இல்லை என்று ஆகாது.

முதல் வகை, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 8. அதன்படியான பதிவேடு தக்க நேரங்களில் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். அது சாட்சியமாக ஏற்கத்தக்கது. கட்டணத்தின்பேரில் சான்றுப்படி தரப்பட வேண்டும். பதியாமை மணத்தின் செல்லுபடியைப் பாதிக்காது என்பதும் அதே பிரிவின் வாசகம். சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்களை ஏற்கும் 7-அ பிரிவு 1967ஆம் ஆண்டின் 21ஆம் சட்டத்தால் சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும்.

இரண்டாம் வகை கிறித்துவத் திருமணங்கள். இங்கே பதிவேடு முதலில் தேவாலயத்தில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் ஓலை (மண அறிவிப்பு) வாசிக்கும் வழக்கும், பங்குப் பதிவேடு எழுதும் ஒழுங்கும் உண்டு. கோவிலூர் போன்ற பழைய பங்குகளின் பிள்ளைகள் முதலில் தட்ட வேண்டியது பங்குத்தந்தையின் கதவை. பழைய திருமணங்களைத் தேடுவோர், தருமபுரி மறைமாவட்டம் 1997இல்தான் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1872 சட்டத்தின்படி ஏட்டை வைத்திருப்பவர் கட்டணம் பெற்றுத் தேட அனுமதித்துப் படி தரக் கடமைப்பட்டவர்.

மூன்றாம் வகை முஸ்லிம் திருமணங்கள்; ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரில் (மணப் பதிவேட்டில்) எழுதப்படுபவை.

நான்காம் வகை, எல்லோருக்கும் பொதுவான தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009. 2006 பிப்ரவரியில் சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்ததன் விளைவு இது. 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. மணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. இதுவும் 21ஆம் எண் சட்டமே. ஆதலால் ‘21ஆம் சட்டம்’ என்று மட்டும் எழுதி ஆண்டை விடுபவர் 1967ஐக் குறிக்கிறாரா, 2009ஐக் குறிக்கிறாரா என்பது தெரியாமல் போகும்.

இந்த வகைப்பாட்டில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கூறு நம் மாவட்டத்திலும் உண்டு. சித்தேரி, வத்தல்மலை, சிட்லிங்கி ஆகிய பகுதிகளில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். மைய அரசு தனியே அறிவிக்காதவரை இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவு விலக்கிவைக்கிறது. அவர்களின் மணம் அவர்களின் வழக்கப்படி செல்லும். பதிவுக்கு அவர்கள் நாட வேண்டியது 2009 சட்டத்தை. ஆகவே மலையிலிருந்து வந்து, பழக்கத்தால் ‘இந்து திருமணம்’ என்ற ஏட்டில் தேடச் சொல்லுமுன் விண்ணப்பதாரர் ஒரு கணம் நிற்பது நன்று.

4. நிகழ்விடம், வாழிடம், பதிவிடம்

மணச் சடங்கு நடந்த இடம் நிகழ்விடம். மணமக்களின் வீடு வாழிடம். பதிவு எழுதப்பட்ட அலுவலகம் பதிவிடம். 2009 சட்டத்தின்படி தொடக்கத்தில் நிகழ்விடமே பதிவிடத்தைத் தீர்மானித்தது. 2020இல் வந்த திருத்தம் மணமகன் அல்லது மணமகளின் வாழிடத்துக்குரிய சார்பதிவாளரிடமும் பதிய வழிவிட்டது. எனவே 2020க்கு முந்தைய மணமாயின் தேடல் நிகழ்விடத்தை நோக்கிச் செல்லும். பிந்தையதாயின் மூன்று அலுவலகங்கள்வரை விரியலாம்.

இதை விளக்க ஒரு கற்பனை உதாரணம். மாப்பிள்ளை பென்னாகரம், பெண் பாலக்கோடு, தாலி கட்டியது தீர்த்தமலை கோயிலில். 2015இல் நடந்திருந்தால் அரூர் வட்டாரத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகமே இடம். 2022 என்றால் பென்னாகரத்தையும் பாலக்கோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாலி கட்டியது மாதேஸ்வரன் மலையிலாயின் நிகழ்விடம் கர்நாடகத்தைச் சேர்ந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே மணம் முடித்தோர் நிலையும் இதுவே. குலதெய்வம் எல்லைக்கு அப்பால் இருக்கும் குடும்பங்கள் இங்கு குறைவல்ல; அவர்கள் தருமபுரி ஏடுகளைப் புரட்டி நாள் கழிப்பது பெரும்பாலும் வீண்.

இடத்தின் பெயரே மாறியதும் கணக்கில் வரும். 1965 அக்டோபர் 2இல் சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே 1960இல் அரூரில் பதிந்த சான்றிதழில் சேலம் மாவட்டம் என்றும், 1990இல் ஓசூரில் பதிந்ததில் தருமபுரி மாவட்டம் என்றும் இருக்கும். இரண்டும் பிழையல்ல. ‘தருமபுரி’ என்று அச்சான ஓசூர்ச் சான்றிதழை வைத்துக்கொண்டு தருமபுரிக்குப் பேருந்து ஏறுபவர் திரும்பி வருவார். மாவட்டப் பெயர் மாறினாலும் அலுவலகத்தின் ஊர் மாறுவதில்லை. சான்றிதழில் முதலில் படிக்க வேண்டியது மாவட்டத்தை அன்று, சார்பதிவகத்தின் பெயரை.

5. தேடலின் படிநிலைகள்

முதற்படி, நாளையும் பெயரையும் உறுதி செய்தல். நம் பெயர் முறையில் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. பெண்ணின் முன்னெழுத்து மணத்துக்கு முன் தந்தையுடையது. பிறகு பல ஆவணங்களில் கணவருடையதாகிறது. பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் முந்தையது. ‘க. முனியம்மாள்’ என்று இன்றைய ஆதார் அட்டையைப் பார்த்துத் தேடினால் ‘மா. முனியம்மாள்’ கிடைக்கமாட்டார். ஆகவே தேடலை மணமகன் பெயர், அவர் தந்தை பெயர், பதிவு நாள் என்ற வரிசையில் நடத்துவதே சிக்கனம் என்பது நம் கருத்து.

இரண்டாம்படி, மேலே கூறியபடி சட்டத்தையும் பதிவிடத்தையும் குறுக்குதல். மூன்றாம்படி, ஏட்டில் தேடுதல். 2018இல் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்தபின் பதிவுத்துறையின் இணையவழியே விண்ணப்பிப்பது எளிதாயிற்று. பழைய கையெழுத்து ஏடுகளுக்கு அலுவலகம் செல்வதே உறுதியான வழி. பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்தவர் வேலை விரைவில் முடியும். ஆண்டு மட்டும் தெரிந்தவர் தேடுதல் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும்.

நான்காம்படி, சான்றுப்படிக்கு விண்ணப்பம். அது வெளிநாட்டுக்கு என்றால் இன்னும் ஒரு படி: மாநில அரசின் சான்றொப்பம், அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் உடன்பாட்டில் சேராததால் அங்கே செல்லும் தாளுக்குத் தூதரக ஒப்பம் வேண்டும்.

6. பதிவின்மை

எல்லாப் படியும் ஏறியும் வரி கிட்டாத நிலையைப் பதிவின்மை என்போம். அதற்கு மூன்று காரணங்கள். 2009க்கு முன் பெரும்பாலோர் பதிய நினைக்கவேயில்லை. இது காலக் காரணம். 150 நாள் தாண்டவிட்டு அடுத்து எங்கே செல்வது என்று தெரியாமல் நிற்பது அறியாமைக் காரணம். மூன்றாவது வயதுக் காரணம், இதுவே கசப்பானது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாமல் மணம் செய்தால் வயதுச் சான்றுடன் அலுவலர் முன் நிற்க வீட்டார் அஞ்சுவர். குழந்தைத் திருமணம் நடக்கும் மாவட்டங்களில் ஒன்றாகத் தருமபுரி தொடர்ந்து பேசப்படுகிறது. அத்தகைய மணங்கள் பதிவேட்டில் வெற்றிடமாகவே நிற்கின்றன. எனவே ஏட்டின் எண்ணிக்கையைக் கொண்டு மாவட்டத்தில் நடக்கும் மணங்களின் எண்ணிக்கையை அளப்பது தவறான முறை. மணந்த குழந்தை வயது நிரம்பி இரண்டு ஆண்டுக்குள் அம்மணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம் என்று 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இடம் தருகிறது. அப்போது மணம் நடந்ததை நிறுவ வேண்டிய சுமையும் கோருபவர் தோளிலேயே விழுகிறது.

பழைய மணங்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒரு வழி. முன்பே சடங்கு முடிந்து சேர்ந்து வாழ்ந்துவரும் இணையர், இருவருக்கும் 21 வயது நிரம்பியிருந்தால், 30 நாள் அறிவிப்புக்குப் பின் பதியலாம். இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். குடும்ப ஓய்வூதியத்துக்காக விதவைகள் வந்து நிற்பது இங்கேதான்.

அப்போது துணைச் சான்றுகள் வேலை செய்ய வேண்டும். நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தோரை மணந்தோராகவே ஊகிக்கலாம் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த இணையரைப் பற்றிய பத்ரி பிரசாத் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், கோயில் ரசீது, மண்டப ரசீது, அழைப்பிதழ் ஆகியவை அந்த ஊகத்துக்கு வலு சேர்ப்பவை. இவற்றோடு மொய் நோட்டையும் சேர்க்க வேண்டும் என்பது நம் துணிபு. முதல் பக்கத்தில் மணமக்கள் பெயர், நாள், இடம். பின்வரும் பக்கங்களில் ஊர்வாரியாக உறவினர் பெயரும் தொகையும். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் வீட்டார் அதைப் பல்லாண்டு பத்திரமாக வைத்திருப்பர். எழுதியவரும் கொடுத்தவரும் பலர் உயிரோடு இருப்பர். அழைப்பிதழ் நடக்கப்போவதைச் சொல்வது. மொய் நோட்டு நடந்தபோதே எழுதப்பட்டது. பழுப்பேறிய அட்டையுடன் பரணில் கிடக்கும் அந்த நோட்டை முதலில் இறக்கிப் பார்க்கும்படி தேடி வருவோரிடம் சொல்லலாம்.