தந்தை பெயர் இல்லாத ஏடு

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். ஆயினும் தம் குடும்பத்தின் மூலத்தை அறியும் ஆவல் மனிதரை எளிதில் விடுவதில்லை. அந்த மூலம் ஓர் அரண்மனையில் தொடங்குமாயின் தேடுவோர்க்குத் துன்பமில்லை. சாசனங்களும் வரலாற்று ஏடுகளும் வழிகாட்டும். அஃது ஓர் ஏழையர் விடுதியில், தந்தை இன்னார் என்று எழுதப்படாத ஒரு குழந்தையிடம் தொடங்குமாயின் என் செய்வது? விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் அவ்வாறு பிறந்த ஒருவரின் மூலத்தைத் தேடிய கதையையும், அத்தேடலில் நான் கற்ற பாடத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ஆலிவர் டுவிஸ்ட் என்னும் நாவலை உங்களுள் பலர் படித்திருப்பீர்கள். 1837ஆம் ஆண்டில் தொடராக வெளிவரத் தொடங்கிய கதை அது. ஆலிவர் 'ஒர்க் ஹவுஸ்' எனப்பட்ட ஏழையர் விடுதி ஒன்றில் பிறக்கிறான். பெற்ற தாய் அப்பொழுதே கண்ணை மூடுகிறாள். எனினும், கதையின் முடிவில் அவன் பெற்றோர் யாவர் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. நாவலாசிரியர் மனம் வைத்தால் மறைந்த செய்தியெல்லாம் வெளிவந்துவிடும். மெய்யாகவே அவ்விடுதிகளில் பிறந்தவர்களுக்கோ பதிவேடுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அவ்விடுதிகள் எத்தகையவை? 1834ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏழையர் சட்டம் திருத்தப்பட்டது. பாரிஷ் எனப்படும் ஊர்ப் பிரிவுகள் பலவற்றை இணைத்து ஏறத்தாழ 600 ஒன்றியங்கள் அமைத்தனர். ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் ஒரு பாதுகாவலர் குழு. அதன் மேற்பார்வையில் ஒரு விடுதி. வெளியே உழைத்துப் பிழைக்கும் மிக எளிய கூலியாளின் வாழ்வைவிட விடுதிவாசியின் வாழ்வு ஒரு படி தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கொள்கை. அப்பொழுதுதான் மெய்யாகவே கதியற்றவர் மட்டும் அங்கு வருவர் என்று கருதினர். கணவனை ஒரு பகுதியிலும், மனைவியை ஒரு பகுதியிலும், பிள்ளைகளை வேறொரு பகுதியிலும் பிரித்து வைத்தனர். சொந்த உடையை வாங்கிக்கொண்டு விடுதி உடையைக் கொடுத்தனர்.

மணமாகாமல் தாயாகும் பெண்ணுக்கு அச்சட்டம் மேலும் ஒரு கொடுமை இழைத்தது. அதற்கு முன்னெல்லாம், அவள் சுட்டும் ஆடவனைப் பிடித்து வந்து, பிள்ளையின் செலவை அவன் ஏற்குமாறு பத்திரம் எழுதி வாங்குவது ஊர் அதிகாரிகளின் வழக்கம். 1834ஆம் ஆண்டுச் சட்டமோ பிள்ளையைக் காக்கும் பாரத்தைத் தாயின் தலைமேல் வைத்தது. தந்தையிடம் பணம் பெறுவது அரிதாயிற்று. பெற்றாலும் அது தாயின் கைக்குச் செல்லலாகாது என்று விதித்தனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1844இல்தான், தாய் தானே உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளின் முன் வழக்காட வழி பிறந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தந்தை கொடுக்கவேண்டிய தொகையின் உச்ச வரம்பு வாரத்துக்கு 5 ஷில்லிங். ஆனால் தாயின் சொல் மட்டும் போதாது. அதை உறுதிப்படுத்த வேறு சான்றும் வேண்டும். இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை உண்டு.

ஆங்கில நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு பிறப்புச் சான்றிதழின் நகலைக் காட்டினார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் 1878ஆம் ஆண்டில் பிறந்ததற்கான சான்றிதழ் அது. பிறந்த இடம்: ஒன்றிய ஏழையர் விடுதி. தாயின் பெயர் இருந்தது. தொழில், வீட்டு வேலைக்காரி. அவள் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. தந்தையின் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. 1875ஆம் ஆண்டு முதல், மணமாகாத தந்தை தாமே பதிவாளர் முன் வந்து தாயுடன் ஒப்பமிட்டாலன்றி அவர் பெயரை எழுதலாகாது என்பது விதி. ஆகவே அந்தக் கோட்டின் பொருள் தாய்க்குத் தந்தை யாரெனத் தெரியாது என்பதன்று. அவன் வரவில்லை என்பதே.

நண்பரின் குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது. ஊர்ப் பிரபுவின் மகனே அக்குழந்தையின் தந்தை என்பது அக்கதை. "இதை எப்படி மெய்ப்பிப்பது?" என்று கேட்டார். "மெய்ப்பிக்கப் புறப்படாதீர்கள், சோதிக்கப் புறப்படுங்கள்," என்றேன். அப்போது ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தேன்.

1871ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் உஜிஜி என்னும் ஊரில் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றவர் ஸ்டான்லி. அவருடைய இயற்பெயர் ஜான் ரோலண்ட்ஸ். வேல்ஸ் நாட்டு டென்பி நகரில் 1841ஆம் ஆண்டில் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்கு அருகே, முறையாகப் பிறவாதவன் என்பதைக் குறிக்கும் கடுஞ்சொல்லையும் எழுதி வைத்தனர். 1847இல், ஆறு வயதில், செயின்ட் ஆசஃப் ஏழையர் விடுதியில் விடப்பட்டார். ஒருநாள் உணவுவேளையில் விடுதியின் ஆசிரியர் ஒரு பெண்ணைச் சுட்டி, 'இவளைத் தெரிகிறதா?' என்று கேட்டதாகவும், தெரியாது என்று தாம் சொல்ல, 'உன் தாயையே தெரியவில்லையா?' என்று அவர் வியந்ததாகவும் ஸ்டான்லி தம் சுயசரிதையில் எழுதினார். கொடிய ஆசிரியரை அடித்து வீழ்த்திவிட்டு மதில் தாண்டி ஓடிப் போனதாகவும் எழுதினார். விடுதிப் பதிவேடோ, 1856இல் அவர் உறவினரிடம் சென்றதாகக் குறிக்கிறது. பிறப்பை மறைத்து வாழ நேர்ந்த ஒருவர், தம் இளமைக்குத் தாமே ஒரு கதை புனைந்துகொள்வது வியப்பன்று. அவர்மீது நாம் இரக்கம் கொள்ளலாம்; ஆனால் ஏட்டைப் பாராமல் கதையை ஏற்கலாகாது.

நண்பர் தேடலைத் தொடங்கினார். பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்தது விடுதியின் சேர்க்கைப் பதிவேடு. உள்ளே வந்த நாள், வெளியே சென்ற நாள், எந்தப் பாரிஷிலிருந்து வந்தவர் என்பன அதில் இருக்கும். இப்பதிவேடுகள் பல அழிந்துபோயின. எஞ்சியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன. நண்பரின் நல்வினை, அவ்வூர் ஏடு பிழைத்திருந்தது. குழந்தை பிறப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் அப்பெண் உள்ளே வந்திருந்தாள். அவள் பாரிஷின் பெயரைக் கொண்டு 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் பார்த்தோம். பண்ணைக் கூலியாள் ஒருவரின் மகளாக, பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, அங்கே இருந்தாள். 1881ஆம் ஆண்டுக் கணக்கில் அவள் வேறோர் ஊரில் வேலைக்காரி. குழந்தை எங்கே? தாத்தாவின் வீட்டில், அவருடைய 'மகன்' என்ற பெயரோடு இருந்தது! பாட்டிக்கு வயது 53; பிள்ளைக்கு 3. மானத்தை மறைக்கக் குடும்பங்கள் இவ்வாறு எழுதச் செய்வது அக்காலத்தில் அரிதன்று. ஆகையால் குடிக்கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. வயதுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இறுதியில் விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. குழந்தை பிறந்த சில மாதங்களில் வெளியான உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில், மாஜிஸ்திரேட்டுகளின் நீதிமன்றச் செய்திகளுக்கிடையே ஆறு வரிகள் இருந்தன. அப்பெண் வழக்குத் தொடுத்திருந்தாள். அவள் சுட்டியவன் பிரபுவின் மகன் அல்லன். அடுத்த பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட இளைஞன். அவன் மறுத்தான். உறுதிப்படுத்தும் சான்று இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தனர். முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த நிபந்தனை இங்கேதான் தன் வேலையைச் செய்தது.

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "நீதிமன்றம் ஏற்காத பெயரை நான் குடும்ப மரத்தில் எழுதலாமா?" என்று கேட்டார். எளிய வினாவன்று இது. எழுதினால், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவன்மேல் பழி சுமத்துவதாகும். எழுதாமல் விட்டால், எழுத்தறியாத ஒரு பெண் ஊரார் முன் நின்று துணிந்து சொன்ன சொல்லை இரண்டாம் முறையும் தள்ளுபடி செய்வதாகும். "உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்," என்றேன். "தாய் இவனைச் சுட்டினாள், அவன் மறுத்தான், சான்று போதாது என்று நீதிமன்றம் சொல்லிற்று. இம்மூன்றையும் எழுதுங்கள். முடிவு சொல்வது மட்டுமே வரலாற்றின் வேலையன்று; யார் என்ன சொன்னார் என்பதைக் காப்பதும் அதன் வேலையே." இக்காலத்தில் மரபணுச் சோதனை உண்டு, அவ்விளைஞனின் வழியினர் எவரேனும் இசைந்தால், ஐயம் நீங்கவும் கூடும். அவர்களைத் தேடுவதா வேண்டாவா என்பதை நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அன்றே அவர் தம் மரத்தில் அப்பெண்ணின் பெயரை முழுமையாக எழுதினார். "ஓர் ஆணைத் தேடிப் புறப்பட்டேன், ஒரு பெண்ணைக் கண்டேன்," என்றார்.

1904ஆம் ஆண்டில், ஏழையர் விடுதியில் பிறந்தோரின் சான்றிதழில் விடுதி என்று எழுதாமல் வெறும் தெருமுகவரி எழுதுமாறு பதிவாளர்க்கு அறிவுறுத்தினர். 1926இல் வந்த சட்டம், பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் பிள்ளைக்கு முறைமையை அளித்தது. 1930இல் பாதுகாவலர் குழுக்கள் ஒழிந்தன. 1948இல் ஏழையர் சட்டமே ஒழிந்தது. பிள்ளை செய்யாத பிழைக்குப் பிள்ளையைத் தண்டிக்கலாகாது என்பதை உணர ஒரு நாட்டுக்கு அத்தனை காலம் ஆயிற்று.

மாணவ நண்பர்களே! அப்பதிவேடுகளை எழுதியவர்கள் ஏழைகளின் நினைவைக் காக்க எழுதவில்லை. ரொட்டிக்கும் துணிக்கும் ஆன செலவைக் கணக்கிடவே எழுதினார்கள். ஆயினும் அந்தக் கணக்கேடுதான் இன்று ஓர் ஏழைத் தாய்க்குச் சாட்சியாக நிற்கிறது. ரிஷிமூலம் பார்க்கலாகாது என்ற முதுமொழிக்கு, மூலம் எதுவாயினும் மனிதர் மதிக்கத் தக்கவர் என்றே நான் பொருள் கொள்கின்றேன். அப்பொருளை உள்ளத்தில் இருத்திக்கொண்டு தேடுவோர்க்கு எந்த மூலமும் இழிவு தராது.