பழைய விளையாட்டு மகிழுந்தின் உட்புறச் சோதனை

பழைய விளையாட்டு மகிழுந்தின் உட்புறச் சோதனை என்பது, ஏற்கனவே ஒருவர் பயன்படுத்திய விளையாட்டு மகிழுந்தை (ஸ்போர்ட்ஸ் கார்) வாங்குவதற்கு முன், அதன் இருக்கைகள், தரைவிரிப்பு, முகப்புப் பலகை, கூரை, மின்கருவிகள், பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றை முறையாக ஆய்வு செய்வதாகும். வண்டி உண்மையில் ஓடிய தொலைவு, நீர் புகுந்த வரலாறு, விபத்து, பந்தயத் தடப் பயன்பாடு ஆகியவற்றுக்கான தடயங்கள் பெரும்பாலும் உட்புறத்திலேயே எஞ்சியிருக்கும். இக்கட்டுரையில் மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியின் முதல் தலைமுறை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

== தேவை ==

வெளிப்புற வண்ணப்பூச்சைச் சில நாட்களில் புதுப்பித்துவிடலாம். இயந்திர அறையைக் கழுவி மெருகேற்றலாம். ஆனால் உட்புறத்தின் எல்லா உறுப்புகளையும் ஒரே சீராகப் புதுப்பிப்பது கடினமானது, செலவு மிக்கது. எனவே ஓர் உறுப்பு புதிதாகவும் அதன் அருகிலுள்ளது தேய்ந்தும் காணப்பட்டால், அதற்கான காரணத்தை விற்பவரிடம் கேட்டறிய வேண்டும்.

விளையாட்டு மகிழுந்துகளில் இச்சோதனைக்குக் கூடுதல் காரணங்களும் உள்ளன. இவற்றுள் பல திறக்கக்கூடிய கூரை உடையவை. ஆகவே நீரும் வெயிலும் உள்ளே எளிதில் சேரும். இருக்கைகள் தாழ்வானவை, ஏறி இறங்கும்போது உடல் உராய்வதால் விரைவில் தேயும். முந்தைய உரிமையாளர்கள் ஸ்டீயரிங் சக்கரம், இருக்கை போன்றவற்றை மாற்றியிருக்கும் வாய்ப்பும் அதிகம்.

== எடுத்துக்காட்டு வண்டி ==

மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டு இருக்கைகள் கொண்ட திறந்த மகிழுந்து. இது 1989 பிப்ரவரியில் சிகாகோ மகிழுந்துக் கண்காட்சியில் அறிமுகமானது. வட அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரிலும், சப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரிலும் விற்கப்பட்டது. முதல் தலைமுறை 1997 வரை உற்பத்தி செய்யப்பட்டது. 2016 ஏப்ரலில் இவ்வகையின் பத்து இலட்சமாவது வண்டி உருவானது. இத்தனை எண்ணிக்கையில் உருவானதால், பழைய விளையாட்டு மகிழுந்துச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வண்டிகளுள் இதுவும் ஒன்று.

== நீர்க்கசிவு ==

திறந்த கூரை வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது நீர்க்கசிவு. எம்எக்ஸ்-5 வண்டியில் துணிக்கூரையின் பின் விளிம்பில் விழும் மழைநீர் ஒரு தடத்தில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியாக வண்டியின் அடியில் வெளியேறும். இலைச்சருகும் தூசியும் இத்துளைகளை அடைத்தால் நீர் உள்ளே வழிந்து தரைவிரிப்பை நனைக்கும். தேங்கும் ஈரம் கதவுகளுக்குக் கீழுள்ள பக்கச் சட்டங்களை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். இத்துரு வண்டியின் கட்டமைப்பையே வலுவிழக்கச் செய்வதால், நனைந்த விரிப்பை வெறும் தூய்மைக் குறைவாகக் கருதக்கூடாது.

சோதிக்கும் முறை:

* இருக்கைகளின் பின்னாலும் கால்வைக்கும் இடத்திலும் விரிப்பைக் கையால் அழுத்திப் பார்த்தல். மேற்பரப்பு உலர்ந்திருந்தாலும் அடியிலுள்ள மெத்தை ஈரமாக இருக்கலாம்.
* இருக்கைத் தண்டவாளங்களிலும் அவற்றின் மறைகளிலும் துரு உள்ளதா எனப் பார்த்தல்.
* கதவுகளை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திறந்து, பூஞ்சை நாற்றம் உள்ளதா என அறிதல். கடுமையான நறுமணப் பொருள் வைக்கப்பட்டிருந்தால் காரணத்தை ஆராய்தல்.
* விற்பவரின் இசைவுடன் கூரையின் மீது மெதுவாக நீர் ஊற்றி, அது வண்டியின் அடியில் வெளியேறுகிறதா எனக் காணல்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இன் பின்சாளரம் நெகிழியால் ஆனது. இதனைப் பல்லிணைப்பை அவிழ்த்துத் தாழ்த்திய பின்னரே கூரையை மடிக்க வேண்டும். அவ்வாறு செய்யாத வண்டிகளில் சாளரத்தின் குறுக்கே மடிப்புக் கோடுகளும் வெடிப்புகளும் காணப்படும்.

நீர்க்கசிவின் விளைவு வண்டிக்கு வண்டி மாறுபடும். போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையில் திருட்டுத்தடுப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கையின் அடியில் தரையோடு ஒட்டி அமைந்துள்ளது. அங்கு நீர் சேர்ந்தால் வண்டி கிளம்பாமலே போகக்கூடும்.

== ஓடிய தொலைவும் தேய்மானமும் ==

தொலைவுமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், அதனை உட்புறத் தேய்மானத்துடன் ஒப்பிட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் கதவுப் பக்கமுள்ள புடைப்பு, கிளட்ச் மிதியின் இரப்பர், கியர் தண்டின் தலைப்பகுதி, ஸ்டீயரிங் சக்கரத்தின் மேற்பகுதி ஆகிய நான்கும் பயன்பாட்டிற்கு ஏற்பத் தேய்பவை. குறைந்த தொலைவு காட்டும் வண்டியில் மிதியின் இரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தாலோ, பழைய வண்டியில் அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ ஐயம் கொள்ள இடமுண்டு.

அமெரிக்காவில் தொலைவுமானியைத் திருத்துவது 1972 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் 4,50,000 க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான தொலைவுடன் விற்கப்படுவதாக அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது. பிரித்தானியாவில் எம்ஓடி எனப்படும் ஆண்டுச் சோதனையின்போது தொலைவு பதிவு செய்யப்படுகிறது. இப்பதிவுகளை இணையத்தில் எவரும் பார்க்கலாம்.

சப்பானிலிருந்து பிரித்தானியாவிற்குப் பழைய வண்டிகளாக இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர்களில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றின் வேகமானி கிலோமீட்டரில் அமைந்தது. பின்னர் மைலுக்கு மாற்றப்பட்டது. வேகமானியின் முகப்பு மட்டும் மாற்றப்பட்டிருந்தால், தொலைவுமானி தொடர்ந்து கிலோமீட்டரையே எண்ணிக்கொண்டிருக்கலாம். 1,60,000 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 99,400 மைல் என்பதால், அலகு எது என்பதை ஆவணங்களைக் கொண்டு உறுதி செய்தல் அவசியம்.

== பாதுகாப்புக் கருவிகள் ==

=== காற்றுப்பை ===

காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு, சாவியைத் திருப்பியவுடன் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது உள்ளது. தொடக்கத்திலிருந்தே எரியாவிட்டால் நிலைமை அதைவிடக் கவலைக்குரியது. பழுதை மறைப்பதற்காக விளக்கு அகற்றப்பட்டிருக்கலாம். காற்றுப்பை இல்லாத நிலையில் மின்தடை ஒன்றை இணைத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றுவதும் உண்டு. எனவே விளக்கு சரியாக வேலை செய்தாலும், முகப்புப் பலகையின் மூடியில் வெட்டு, ஒட்டு, நிற வேறுபாடு ஆகியவை உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி காற்றுப்பைகள் இதற்கு உள்ளாயின. அவற்றிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டு நீண்டகால வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, விபத்தின்போது உலோகக் கலனை வெடிக்கச் செய்து துண்டுகளைப் பயணிகள் மீது சிதறடித்தது. ஆகவே வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு, நிலுவையிலுள்ள திரும்பப் பெறல் அறிவிப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

=== இருக்கைப் பட்டை ===

பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். சுருளின் உட்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருக்கக்கூடும். சட்டென இழுக்கும்போது பட்டை பூட்டிக்கொள்ள வேண்டும். விட்டவுடன் தானாகச் சுருள வேண்டும். எப்போதும் இறுகியே கிடக்கும் பட்டை, முன்னர் நேர்ந்த மோதலில் அதன் இறுக்கி இயங்கிவிட்டதைக் குறிக்கலாம்.

== பந்தயத் தடப் பயன்பாட்டின் தடயங்கள் ==

தரையிலும் இருக்கைகளின் பின்புறத்திலும் காணப்படும் துளைகள், அங்கு முன்னர் பாதுகாப்புக் கூண்டோ பந்தயப் பட்டையோ பொருத்தப்பட்டிருந்ததைக் காட்டும். தடப் பயன்பாடு தன்னளவில் குறையன்று. சிலர் அத்தகைய வண்டிகளை நன்கு பராமரிப்பர். ஆனால் அது மறைக்கப்பட்டிருந்தால், இயந்திரம், கிளட்ச், தடை ஆகியவற்றையும் கூடுதல் கவனத்துடன் சோதிக்க வேண்டும்.

== மின்கருவிகளும் பொருட்களின் முதுமையும் ==

சாளர ஏற்றி, குளிரூட்டி, வெப்பமூட்டி, விளக்குகள் ஆகிய ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். வெப்பமூட்டியை இயக்கும்போது இனிப்பு வாடை வீசி, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்தால் அதன் உள்ளகத்தில் குளிர்விப்பு நீர்மம் கசிகிறது எனக் கொள்ளலாம்.

சில பொருட்கள் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வெளியான பெராரி வண்டிகளில் பொத்தான்களின் மென்பூச்சு சிதைந்து பசைபோல் ஒட்டுவது பரவலாக அறியப்பட்டது. தோல் போர்த்திய முகப்புப் பலகைகள் வெயிலில் சுருங்கி விளிம்புகளில் பிரிவதும் உண்டு. குறைந்த தொலைவே ஓடிய வண்டி என்பதால் உட்புறம் நன்றாக இருக்கும் எனக் கருதுவது இதனால் தவறாகும்.

== முடிவெடுத்தல் ==

கண்டறிந்த குறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். கிழிந்த இருக்கையுறை, ஒட்டும் பொத்தான் போன்றவை தோற்றக் குறைகள். இவற்றைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். நீர்க்கசிவு, மின்பழுது ஆகியவற்றுக்குப் பழுதுபார்ப்புச் செலவை முன்கூட்டியே மதிப்பிட்ட பின்னரே விலை பேச வேண்டும். காற்றுப்பை அகற்றம், வெள்ளத் தடயம், முரண்படும் தொலைவு ஆகிய மூன்றும் ஏமாற்று நோக்கத்தைக் காட்டக்கூடியவை. இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆவணத்துடன் கூடிய விளக்கம் கிடைக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருப்பினும் வண்டியைத் தவிர்ப்பதே நலம்.

== இவற்றையும் பார்க்கவும் ==

* தானுந்து
* காற்றுப்பை
* தொலைவுமானி
* மாஸ்டா எம்எக்ஸ்-5